பெருந்தமனியின் பிறவிக் குறைகள்: எந்தப் படம், எப்போது?

வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

பிறவி இதயக் குறைகளைப் பற்றிச் சென்ற இதழில் பொதுவாக எழுதியிருந்தோம். அதைப் படித்த கன்னியாகுமரி மாவட்ட வாசகர்கள் பலர், இதயத்திலிருந்து புறப்பட்டு உடலெங்கும் இரத்தத்தைக் கொண்டு செல்லும் பெருந்தமனியில் பிறவியிலேயே அமையும் கோளாறுகளை எக்ஸ்ரே, எக்கோ (ஒலி அலைகளால் இதயத்தைப் பார்க்கும் படம்), சி.டி., எம்.ஆர்.ஐ. ஆகியவற்றில் எது சரியாகக் காட்டும் என்று கேட்டிருக்கிறார்கள். கடிதங்களைச் சுருக்கி, பெயர்களை நீக்கித் தருகிறோம்.

கேள்வி: எனக்கு 24 வயது. வெளிநாட்டு வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் இரத்த அழுத்தம் 170/100 என்று இருந்தது. மனக்கவலையால் வந்திருக்கும் என்று மாத்திரை கொடுத்தார்கள். மார்பு எக்ஸ்ரேயைப் பார்த்த வேறொரு மருத்துவர், விலா எலும்புகளின் அடியில் அரிப்பு தெரிகிறது, பெருந்தமனியில் பிறவிச் சுருக்கம் இருக்கலாம், எக்கோவும் சி.டி.யும் எடுங்கள் என்கிறார். கடலுக்குப் போய் வலை இழுத்தவன் நான். ஒரு நாளும் நெஞ்சு வலித்ததில்லை. எலும்பைப் பார்த்து இரத்தக்குழாயின் நோயைச் சொல்ல முடியுமா? இறால், நண்டு சாப்பிட்டால் எனக்கு உடம்பு தடித்துவிடும். ஆகவே சி.டி.க்குப் போடும் அயோடின் ஊசி ஆகாது என்று வீட்டில் பயப்படுகிறார்கள்.
– வாசகர், குளச்சல்

பதில்: தம்பி, நுரையீரலை மட்டும் பார்த்துவிட்டு எக்ஸ்ரேயை உறைக்குள் வைத்துவிடாமல், விலா எலும்புகளின் விளிம்பையும் கவனித்த அந்த மருத்துவர் உங்களுக்குப் பெரிய நன்மை செய்திருக்கிறார். இந்த வயதில் இவ்வளவு அழுத்தம் இருந்தால் அதற்குக் காரணம் தேடியே ஆக வேண்டும். தேட வேண்டியவற்றில் சிறுநீரக நோய்களும் உண்டு, பெருந்தமனிச் சுருக்கமும் உண்டு. ஸ்கேன் அறிக்கைகளில் இச்சுருக்கத்தைக் 'கோஆர்க்டேஷன்' என்று குறிப்பிடுவார்கள்.

பெருந்தமனி இதயத்திலிருந்து மேலெழுந்து, தலைக்கும் கைகளுக்கும் கிளைகளைக் கொடுத்த பின், வளைந்து முதுகெலும்பை ஒட்டிக் கீழே இறங்குகிறது. இடது கைக்கான கிளை பிரியும் இடத்துக்குச் சற்று அப்பால்தான் பெரும்பாலும் இந்தச் சுருக்கம் அமையும். அதனால் தலையிலும் கைகளிலும் அழுத்தம் ஏறுகிறது. வயிற்றுக்கும் கால்களுக்கும் இரத்தம் குறைந்த அழுத்தத்திலேயே போய்ச் சேருகிறது. பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் வரும் கால்வாயில் ஓரிடத்தில் அடைப்பு விழுந்தால், தண்ணீர் பக்கத்து ஓடைகளில் புகுந்து அவற்றின் கரையை அரித்துக்கொண்டு கீழ்வயலுக்குப் போய்ச் சேர்வதைப் போல, இரத்தமும் மாற்று வழி தேடிக்கொள்கிறது. விலா எலும்புகளின் அடிவிளிம்பை ஒட்டி ஓடும் தமனிகளே அந்த மாற்று வழி. பல ஆண்டுகள் மிகுதியான இரத்தம் பாய்ந்து அவை பருத்து நெளிந்து, எலும்பில் சிறு சிறு பள்ளங்களை உண்டாக்கிவிடுகின்றன. மூன்றாவது அல்லது நான்காவது விலாவிலிருந்து எட்டாவது விலா வரை இப்பள்ளங்கள் தெரியும். முதல் இரண்டு விலாக்களின் தமனிகள் சுருக்கத்துக்கு மேலேயே கிளைத்துவிடுவதால் அங்கே பள்ளம் விழுவதில்லை. இந்த அடையாளம் உருவாக ஆண்டுகள் ஆகும் என்பதால் சிறு குழந்தைகளின் எக்ஸ்ரேயில் இதை எதிர்பார்க்க முடியாது. அதே படத்தில், இதய நிழலுக்கு மேலே இடது ஓரம் '3' என்ற எண்ணைப் போல வளைந்திருக்கிறதா என்றும் பார்ப்போம்: நடுவிலுள்ள குழிவுதான் சுருக்கம்; மேலும் கீழும் உள்ள புடைப்புகள் அதற்கு முன்னும் பின்னும் விரிந்திருக்கும் பகுதிகள்.

எக்ஸ்ரே சந்தேகத்தை எழுப்புவதோடு நின்றுவிடும். அடுத்த படத்துக்குப் போகும் முன், செலவே இல்லாத ஒரு பரிசோதனையைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். உங்களைப் படுக்கவைத்து, இரண்டு கைகளிலும் ஒரு காலிலும் இரத்த அழுத்தத்தை அளக்க வேண்டும். மணிக்கட்டு நாடியையும் தொடை இடுக்கு நாடியையும் ஒரே நேரத்தில் தொட்டுப் பார்க்க வேண்டும். இயல்பாகக் காலின் அழுத்தம் கையின் அழுத்தத்துக்குச் சமமாகவோ சற்றுக் கூடுதலாகவோ இருக்கும். கையைவிடக் காலில் 20 புள்ளிகளோ அதற்கு மேலோ குறைந்து, தொடை நாடி மெலிந்து தாமதமாகத் துடித்தால், நோய் ஏறத்தாழ வெளிப்பட்டுவிட்டது என்றே கொள்ளலாம். கைகள் இரண்டிலும் அளக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சிலருக்கு ஒரு கையின் தமனியே சுருக்கத்துக்குக் கீழிருந்து கிளைக்கும். அந்தக் கையில் மட்டும் அளந்தால் அழுத்தம் இயல்பாகத் தெரிந்து நோய் மறைந்துவிடும். இந்த எளிய சோதனை இன்னும் எல்லா இளைஞர்களுக்கும் செய்யப்படுவதில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம்.

எக்கோவில் தலையணையைத் தோளுக்கு அடியில் வைத்து, கழுத்தைப் பின்னுக்குச் சாய்க்கச் சொல்லி, மார்பெலும்புக்கு மேலுள்ள குழியில் கருவியை வைத்துப் பெருந்தமனியின் வளைவைப் பார்ப்பார்கள். அங்கே பார்க்காத எக்கோ, இந்த நோய்க்கான எக்கோ ஆகாது. டாப்ளர் முறையில் இரத்தத்தின் வேகத்தை அளந்து, சுருக்கத்தின் இருபுறமும் உள்ள அழுத்த வேறுபாட்டைக் கணக்கிடுவார்கள். மாற்று வழித் தமனிகள் நன்றாக வளர்ந்துவிட்டவர்களுக்கு இந்த எண் உண்மைக்கும் குறைவாக வரக்கூடும் என்பதால், எண் சிறியது என்று ஆறுதல் அடையக் கூடாது. வயிற்றுப் பகுதியில் பெருந்தமனியின் ஓட்டத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே துடிப்பு மழுங்கி, இதயம் ஓய்வெடுக்கும் நேரத்திலும் ஓட்டம் இழுபட்டுக்கொண்டே இருந்தால் மேலே தடை இருக்கிறது என்று பொருள். பெருந்தமனி வால்வையும் எக்கோவில் பார்த்துவிட வேண்டும். மூன்று இதழ்கள் இருக்க வேண்டிய அந்த வால்வு இரண்டு இதழ்களோடு அமைவது பொதுமக்களில் நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவரிடம் உண்டு. பெருந்தமனிச் சுருக்கம் உள்ளவர்களிலோ பாதிக்கு மேற்பட்டோரிடம் அது காணப்படுகிறது.

வளர்ந்தவர்களின் மார்பில் எலும்பும் நுரையீரல் காற்றும் ஒலி அலைகளை மறைப்பதால், எக்கோ மட்டும் போதாது. பெருந்தமனி முழுவதையும் சி.டி.யிலோ எம்.ஆர்.ஐ.யிலோ பார்க்க வேண்டும். சி.டி. ஆஞ்சியோகிராமில் கையிலுள்ள சிரையின் (இதயத்துக்கு இரத்தம் திரும்பும் குழாயின்) வழியே அயோடின் கலந்த மருந்தைச் செலுத்தி, மூச்சை அடக்கியிருக்கும் சில நொடிகளில் படம் எடுத்துவிடுவார்கள். உடம்பெல்லாம் சூடு பரவுவது போலவும், சிறுநீர் கழிந்துவிட்டது போலவும் ஓர் உணர்வு வரும்; அது உடனே அடங்கிவிடும். ஊசியை வலது கையில் போடுவது நல்லது. இடது கையில் போட்டால், மருந்து நிறைந்த சிரை பெருந்தமனி வளைவுக்கு முன்னால் குறுக்கே சென்று படத்தில் கீற்றுகளை உண்டாக்கும். படம் எடுத்த பின் வண்ணத்தில் அச்சிட்டுத் தரும் முப்பரிமாணப் படம் பார்க்க அழகானது. ஆனால் சிகிச்சைக்கான அளவுகளை, குழாய்க்குச் செங்குத்தாக வெட்டிய மெல்லிய படங்களிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஆகவே சி.டி.யின் முழுப் பதிவையும் குறுவட்டில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்துக்கோ வேறெந்த மருத்துவமனைக்கோ போனாலும் அந்த வட்டு இருந்தால் மறுபடி படம் எடுக்க வேண்டிய தேவை குறையும்.

இறால், நண்டு ஒவ்வாமை பற்றிய அச்சம் நம் கடற்கரை ஊர்களில் பரவலாக உள்ளது. அந்த ஒவ்வாமைக்குக் காரணம் அவற்றின் தசையிலுள்ள ஒரு புரதம். அயோடினுக்கும் அதற்கும் தொடர்பில்லை. மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். ஆனால் அதற்காகச் சி.டி.யைத் தவிர்க்க வேண்டாம். இதே வகை ஊசிக்கு முன்பு ஒவ்வாமை வந்திருந்தாலோ, ஆஸ்துமா இருந்தாலோ, சிறுநீரகம் பழுதுபட்டிருந்தாலோ அதைத்தான் மறக்காமல் சொல்ல வேண்டும். சிறுநீரகத்தின் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் அளவை முதலிலேயே பார்த்துவிடுவது வழக்கம்.

சுருக்கம் உறுதியானால், இன்று உங்கள் வயதினருக்குப் பெரும்பாலும் தொடையில் ஒரு குழாயைச் செலுத்தி ஸ்டென்ட் (உலோக வலைக்குழாய்) வைத்தே சரிசெய்கிறார்கள். அதுவரை அழுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். பாரம் தூக்குவதைத் தவிருங்கள். இச்சுருக்கம் உள்ள பெரியவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு மூளைத் தமனியில் சிறு புடைப்பு இருக்கக்கூடும் என்பதால், மூளையின் இரத்தக்குழாய்களையும் எம்.ஆர்.ஐ.யில் பார்க்க வேண்டுமா என்று இதய மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு ஐந்தாம் மாத ஸ்கேனில், பிள்ளையின் இதயத்தின் வலது பக்கம் இடது பக்கத்தைவிடப் பெரிதாக இருக்கிறது, பெருந்தமனி ஒடுங்கியிருக்கலாம், கரு எக்கோ எடுங்கள் என்று எழுதியிருக்கிறார்கள். எக்கோ எடுத்தவர், 'உறுதியாகச் சொல்ல முடியாது, பிறந்த பிறகுதான் தெரியும்' என்கிறார். இத்தனை பெரிய இயந்திரம் இருந்தும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றால் நாங்கள் என்ன செய்வது?
– ஒரு தாய், தக்கலை

பதில்: அம்மா, உங்கள் தவிப்பு புரிகிறது. ஆனால் அந்த மருத்துவர் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். கருவிலிருக்கும் பிள்ளையின் நுரையீரல் காற்றை இழுப்பதில்லை. ஆகவே நுரையீரலுக்குப் போக வேண்டிய இரத்தத்தின் பெரும்பகுதி, டக்டஸ் எனப்படும் ஓர் இணைப்புக் குழாய் வழியாக நேரே கீழிறங்கும் பெருந்தமனிக்குப் போய்விடுகிறது. சுருக்கம் விழக்கூடிய இடமோ, இந்த இணைப்புக்குச் சற்று முன்னால் இருக்கிறது. அவ்வழியே கருவில் குறைந்த இரத்தமே ஓடுவதால், அந்தப் பகுதி எல்லாக் கருவிலுமே சற்று ஒடுங்கித்தான் தெரியும். எந்த ஒடுக்கம் இயல்பானது, எது பிறந்த பின் நோயாக மாறும் என்பதைப் பிரித்தறிவது, கரு எக்கோவில் மிகக் கடினமான கேள்விகளுள் ஒன்று. இவ்வாறு சந்தேகிக்கப்பட்ட பிள்ளைகளில் பலர் பிறந்த பின் எந்தக் குறையும் இல்லாமல் இருப்பதைக் காண்கிறோம். ஐந்தாம் மாதத்தில் சரியாக இருப்பதாகச் சொல்லப்பட்டு, பின்னர் நோய் தெரிந்த பிள்ளைகளும் உண்டு.

இந்தச் சந்தேகத்தால் உங்களுக்குக் கிடைத்திருப்பது முன்னறிவிப்பு. அதன் மதிப்பு பெரிது. பிறந்த சில நாட்களில் அந்த இணைப்புக் குழாய் தானாக மூடும். சுருக்கம் கடுமையாக இருந்தால், அது மூடும் வேளையில்தான் உடலின் கீழ்ப்பாதிக்கு இரத்தம் நின்றுபோகும்: பிள்ளை பால் குடிக்காது, வேகமாக மூச்சு வாங்கும், வெளிறிப்போகும், கால்கள் சில்லிடும், சிறுநீர் குறையும். முன்பே தெரியாத வீட்டில் இதைக் கிருமித் தொற்று என்று எண்ணி நேரம் போய்விடும். தெரிந்திருந்தால், புரோஸ்டாகிளாண்டின் என்ற மருந்தைச் சிரை வழியே செலுத்தி அந்த இணைப்பைத் திறந்தே வைத்து, அறுவை சிகிச்சைக்கு நேரம் தேடிக்கொள்ளலாம். ஆகவே, பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவும் குழந்தை இதய மருத்துவரும் உள்ள இடத்தில் பிரசவத்துக்கு இப்போதே ஏற்பாடு செய்யுங்கள். பிறந்த பிள்ளையை ஆம்புலன்ஸில் நெடுந்தொலைவு கொண்டு போவதைவிட, தாயின் வயிற்றிலேயே கொண்டு போவது பாதுகாப்பானது. பிறந்தவுடன் ஒரு எக்கோவும், இணைப்புக் குழாய் மூடியது உறுதியாகும் வரை திரும்பவும் எக்கோவும் எடுக்க வேண்டும்; முதல் நாள் எக்கோ நன்றாக இருந்ததை வைத்து வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. கையிலும் காலிலும் ஆக்சிஜன் அளவு பார்க்கும் சோதனையும் பிறந்த பிள்ளைகளுக்குச் செய்யப்படுகிறது. நல்ல சோதனைதான், ஆனால் இந்தச் சுருக்கத்தை அது தவறவிடக்கூடும். தொடை நாடியை மருத்துவர் விரலால் தொட்டுப் பார்க்கட்டும்.

இடையில் 28, 32 வாரங்களையொட்டிக் கரு எக்கோவைத் திரும்ப எடுக்கச் சொன்னால் எடுங்கள். அதில் கதிர்வீச்சு எதுவும் இல்லை. குரோமோசோம் சோதனை தேவையா என்பதையும் அப்போது கேட்டு முடிவு செய்யலாம்.

கேள்வி: நாங்கள் மணவாளக்குறிச்சிக்காரர்கள். எங்கள் கடற்கரை மணலில் கதிர்வீச்சு இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். என் பேரனுக்குப் பெருந்தமனி வளைவில் கோளாறு இருப்பதற்கு அந்த மணல் காரணமா? ஏற்கெனவே கதிர்வீச்சு உள்ள ஊரில் வளரும் பிள்ளைக்குச் சி.டி.யும் எடுக்கலாமா?
– வாசகர், மணவாளக்குறிச்சி

பதில்: ஐயா, மணலிலுள்ள மோனசைட் தாதுவில் தோரியம் இருப்பதால் உங்கள் கடற்கரையின் சில பகுதிகளில் இயற்கைக் கதிர்வீச்சு மற்ற இடங்களைவிடக் கூடுதல் என்பது உண்மை. உலக அளவில் ஒருவர் இயற்கையிலிருந்து ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு) பெறுகிறார். இதே வகை மணல் உள்ள கேரளக் கடற்கரையில், பிறந்த குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்து ஆராய்ந்தார்கள். இந்தக் கதிர்வீச்சால் பிறவிக் குறைகள் கூடியதாக அந்த ஆய்வுகளில் தெரியவில்லை. பெருந்தமனியின் வளைவு கருவின் முதல் இரண்டு மாதங்களில், பல இணை வளைவுகளில் சில மறைந்தும் சில நிலைத்தும் உருவாகிறது. மறைய வேண்டியது மறையாமலும் நிலைக்க வேண்டியது மறைந்தும் போவதே இக்கோளாறுகளின் அடிப்படை. சிலரிடம் அதற்குக் குரோமோசோம் குறை காரணமாக இருக்கும். பலரிடம் தனியாக ஒரு காரணத்தைச் சுட்ட முடிவதில்லை. உங்கள் ஊரையோ, மருமகள் உண்டதையோ, நடந்ததையோ குறை சொல்ல வேண்டாம்.

சி.டி.யின் கதிர்வீச்சைத் தனியாக எடைபோட வேண்டும். மார்பு எக்ஸ்ரே ஒன்று ஏறத்தாழ 0.02 மில்லிசீவர்ட், சி.டி.யில் அதைப் போலப் பல மடங்கு. குழந்தையின் எடைக்கு ஏற்ப அளவைக் குறைத்து எடுத்தால், புதிய இயந்திரங்களில் ஓரிரு மில்லிசீவர்ட்டில் முடித்துவிட முடியும். அறுவை சிகிச்சைக்கு அந்தப் படம் தேவை என்றால் தயங்காமல் எடுங்கள்; படம் இல்லாமல் அறுவை செய்வதன் ஆபத்து அதைவிடப் பெரிது. தவிர்க்க வேண்டியது, மருத்துவமனை மாறும்போதெல்லாம் அதே சி.டி.யை மறுபடி மறுபடி எடுப்பதைத்தான்.

கேள்வி: எட்டு மாதப் பிள்ளை. பிறந்ததிலிருந்தே மூச்சு விடும்போது கரகரவென்று சத்தம். நெபுலைசர் வைத்தும் குறையவில்லை. கூழ் கொடுக்கத் தொடங்கியதும் புரையேறுகிறது. தலையைப் பின்னுக்கு வளைத்துக்கொண்டே தூங்குகிறது. எக்கோவில் இதயம் நன்றாக இருக்கிறது என்றார்கள். இப்போது பேரியம் எக்ஸ்ரேயும் சி.டி.யும் எடுக்கச் சொல்கிறார்கள். மூச்சுக்கும் பெருந்தமனிக்கும் என்ன தொடர்பு?
– ஒரு தந்தை, கருங்கல்

பதில்: குழந்தைகளின் மூச்சுச் சத்தத்துக்குக் குரல்வளை மென்மையாக இருப்பதே அடிக்கடி காணும் காரணம், அது வளர வளரச் சரியாகிவிடும். ஆனால் மூச்சுச் சத்தமும், கெட்டியான உணவில் புரையேறுவதும், தலையைப் பின்னுக்கு வளைப்பதும் சேர்ந்து வரும்போது, பெருந்தமனி இரட்டை வளைவாக அமைந்து மூச்சுக்குழாயையும் உணவுக்குழாயையும் வளையம் போலச் சுற்றி இறுக்குகிறதா என்று பார்ப்பது சரியான முடிவு. பேரியம் கலந்த பாலைக் குடிக்கவைத்து எடுக்கும் எக்ஸ்ரேயில், உணவுக்குழாயின் இருபுறமும் பின்புறமும் பள்ளம் தெரியும். வலது கைக்கான தமனி மட்டும் தடம் மாறி உணவுக்குழாய்க்குப் பின்னால் போகும் வேறொரு வகையும் உண்டு. அதில் சாய்வான ஒற்றைப் பள்ளம் தெரியும். நூற்றில் ஒருவருக்கு அப்படி இருக்கலாம். பெரும்பாலோருக்கு அதனால் வாழ்நாள் முழுவதும் எந்தத் தொல்லையும் வருவதில்லை.

எக்கோவில் இதயம் நன்றாக இருப்பதாலேயே வளையம் இல்லை என்று ஆகிவிடாது. காற்று நிறைந்த மூச்சுக்குழாயை எக்கோவால் பார்க்க முடியாது. சி.டி. ஒரே படத்தில் தமனி வளைவுகளையும், அவை மூச்சுக்குழாயை எங்கே, எவ்வளவு நசுக்குகின்றன என்பதையும் காட்டுகிறது. புதிய இயந்திரங்களில் பாலூட்டி, துணியில் சுற்றித் தூங்கவைத்து, மயக்க மருந்து இல்லாமலே எடுத்துவிடுவதும் உண்டு. ஒன்றை மட்டும் சொல்லிவைக்கிறேன். வளையத்தின் ஒரு பகுதி இரத்தம் ஓடாத நாராகிப் போயிருந்தால், அது சி.டி.யிலும் தெரியாது, இரண்டு பக்கக் கிளைகளும் பிரிந்திருக்கும் விதத்தைப் பார்த்துத்தான் அதை ஊகிக்க வேண்டும். எனவே குழந்தை இதயப் படங்களைப் பார்த்துப் பழகியவரிடம் சி.டி.யின் பதிவுள்ள குறுவட்டைக் காட்டுங்கள். இரட்டை வளைவைப் பிரித்து மூச்சுக்கு வழி செய்யும் அறுவையை 1945இல் பாஸ்டனில் ராபர்ட் கிராஸ் முதன்முதலில் செய்தார். இன்று அது நன்கு கைவந்த சிகிச்சை. அறுவைக்குப் பின்னும் சில மாதங்கள் மூச்சில் சத்தம் இருக்கலாம். மூச்சுக்குழாயின் குருத்தெலும்பு உறுதிப்பட நாளாகும்.

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. மாணவர்களிடம் எதைக் கவனித்தால் இப்படிப்பட்ட குறையைச் சந்தேகிக்கலாம்?
– வாசகி, குலசேகரம்

பதில்: ஓடும்போது கால் வலிக்கிறது, கால் சில்லென்று இருக்கிறது என்று சொல்லும் பிள்ளை, அடிக்கடி தலைவலி, மூக்கில் இரத்தம் வருதல் என்று சொல்லும் பிள்ளை, வகுப்பில் எல்லோரையும்விட மிகக் குட்டையாக இருந்து, பூப்பெய்தும் வயது கடந்தும் பூப்பெய்தாத மாணவி. கடைசியாகச் சொன்னது டர்னர் எனப்படும் குரோமோசோம் குறையாக இருக்கக்கூடும். அந்த மாணவிகளுக்குப் பெருந்தமனியை எக்கோவிலும் எம்.ஆர்.ஐ.யிலும் கட்டாயம் பார்க்க வேண்டும். 2013 முதல் நடைமுறையில் உள்ள தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு பள்ளிக்கு வரும்போது, இப்பிள்ளைகளின் பெயரை முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். கையிலும் காலிலும் அழுத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: ஆறு வயதில் எனக்குப் பெருந்தமனிச் சுருக்கத்துக்கு அறுவை செய்தார்கள். இப்போது 29 வயது. எந்தத் தொந்தரவும் இல்லை. மருத்துவரைப் பார்த்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. குழந்தை பெற்றுக்கொள்ள விரும்புகிறோம். மீண்டும் ஸ்கேன் எடுக்க வேண்டுமா?
– வாசகி, மார்த்தாண்டம்

பதில்: கட்டாயம் எடுக்க வேண்டும், அதுவும் கருத்தரிக்கும் முன்பே. 1944இல் ஸ்வீடனில் கிளாரன்ஸ் கிராஃபோர்ட் இச்சுருக்கத்தை முதன்முதலில் வெட்டித் தைத்துச் சரிசெய்தபோது, அத்தோடு நோய் தீர்ந்தது என்றே நம்பினார்கள். அந்தப் பிள்ளைகள் வளர்ந்த பிறகுதான் மற்றவை தெரியவந்தன: தைத்த இடம் மீண்டும் சுருங்கலாம், குறிப்பாகத் துணி ஒட்டு வைத்துத் தைத்தவர்களிடம் அங்கே சுவர் மெலிந்து புடைக்கலாம், சுருக்கம் சரியான பின்னும் இரத்த அழுத்தம் உயரலாம், இரண்டு இதழ் வால்வு இருந்தால் இதயத்தை ஒட்டிய பகுதி விரியலாம். இவை எதுவும் முற்றும் வரை வலிக்காது. கர்ப்பத்தில் இரத்தத்தின் அளவு பெருகும்போது அந்தச் சுவர்மீது சுமை கூடுகிறது.

உங்களுக்கு ஏற்றது எம்.ஆர்.ஐ. கதிர்வீச்சு இல்லாததால், வாழ்நாள் முழுவதும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுக்க வேண்டியவர்களுக்கு அதுவே முதல் தேர்வு. அரை மணி முதல் ஒரு மணி நேரம் குழாய்க்குள் அசையாமல் படுத்து, சொல்லும்போது மூச்சை அடக்க வேண்டும். சத்தம் அதிகம், காதுக்கு அடைப்பான் தருவார்கள். பெருந்தமனியின் வடிவத்தோடு, அதில் எவ்வளவு இரத்தம் எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்பதையும் அதில் அளக்க முடியும். அறுவைக்குப் பின் எப்போதாவது ஸ்டென்ட் வைத்திருந்தால் முன்பே சொல்லுங்கள். அந்த உலோகம் எம்.ஆர்.ஐ.யில் நிழலடிப்பதால், ஸ்டென்ட்டின் உட்புறத்தைப் பார்க்கச் சி.டி.யே உகந்தது. கர்ப்பமான பிறகு, எம்.ஆர்.ஐ.யில் படம் தெளிவாகத் தெரியப் போடும் காடோலினியம் ஊசியையும் சி.டி.யையும் தவிர்க்கவே பார்ப்போம். எனவேதான் முன்கூட்டியே எடுக்கச் சொல்கிறேன். எக்கோவும், வலது கையிலும் காலிலும் அழுத்த அளவும் அதே வருகையில் முடித்துக்கொள்ளலாம்.

பிறக்கும் பிள்ளைக்கு இதயக் குறை வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதல். பெரும்பாலான பிள்ளைகள் குறையின்றியே பிறக்கிறார்கள். கருத்தரித்ததும் ஐந்தாம் மாதத்தில் கரு எக்கோவுக்கு நாள் குறித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு இரண்டு இதழ் வால்வு இருந்தால், உங்கள் பெற்றோரும் உடன்பிறந்தவர்களும் ஒருமுறை எக்கோ எடுப்பது நல்லது. ஆறு வயதில் அறுவை செய்த மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் தாள் வீட்டில் இருந்தால், அதன் நகலை எம்.ஆர்.ஐ. பார்க்கும் மருத்துவரிடமே கொடுங்கள். நேராக வெட்டித் தைத்தார்களா, ஒட்டு வைத்தார்களா, இடது கைத் தமனியை எடுத்து மடித்துத் தைத்தார்களா என்பது தெரிந்தால், எந்த இடத்தை உற்றுப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.